தண்ணி வடியாத வயிறு

ஊருக்குள் அவனை "அவரு" என்றுதான் சொல்வேன். கூப்பிடுவதென்றால் "ஏங்க". கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான் வாயில் வந்தது. எழுத உட்கார்ந்தபோது அந்த மரியாதை கைக்கு வரமாட்டேன் என்றது. நாலைந்து தாளைக் கிழித்துப் போட்டேன். கடைசியில் அவன் என்றே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். செத்துப்போன புருசனை இப்படி எழுதலாமா என்று கேட்கிறவர்கள், அவனோடு ஒரு வாரம் குடித்தனம் செய்திருந்தால் கேட்கமாட்டார்கள்.

அவன் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். சாத்தூரிலிருந்து வெம்பக்கோட்டை போகிற பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி அரை மைல் நடந்தால் எங்கள் ஊர். ஒரே மகள், விருதுநகரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இல்லாதது அவள் செய்த புண்ணியம்.

கம்பெனிக்குள் அவன் குடிக்கமாட்டான். மருந்து கலக்கிற இடத்தில் கை நடுங்கினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அதில் ரொம்பப் பெருமை வேறு. அஞ்சு மணிக்கு கேட்டைத் தாண்டினால் நேரே கடைதான். முன்பெல்லாம் எங்கெங்கோ தேடிப் போய்க் குடித்தவனுக்கு, அரசாங்கமே ரோட்டோரம் கடை திறந்த பிறகு அந்த அலைச்சலும் மிச்சமானது. கேட்டால் ஒரு காரணம் வைத்திருப்பான்.

"மருந்துத் தூசி நெஞ்சுக்குள்ள படியுது புள்ள. ரெண்டு மடக்கு உள்ள போனாத்தான் அறுத்துக்கிட்டு இறங்கும்."

அதே தூசியில் அவனுக்குக் கீழே நாற்பது பொம்பளைகள் உட்கார்ந்து வெடிக்குழாயில் மருந்து அடைத்தார்கள். அவர்கள் நகக்கண்ணெல்லாம் ஈயப் பாத்திரம் மாதிரி மினுங்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் உலை வைத்தார்கள், துணி துவைத்தார்கள், மறுநாள் காலை வேனுக்கு வந்து நின்றார்கள். அவர்கள் நெஞ்சுத் தூசியை எதை விட்டு இறக்கினார்கள் என்று கேட்டேன்.

"பொம்பளைக உடம்பு வேற மாதிரி" என்றான். போர்மேன் கண்டுபிடிப்பு.

ஒரு தீபாவளி சீசன் சமயத்தில் வயிறு பெருக்க ஆரம்பித்தது. கை மெலிந்தது, தோள்பட்டை எலும்பு துருத்தியது, கன்னம் ஒட்டிப்போனது. வயிறு மட்டும் வளர்ந்தது. "நல்ல சாப்பாடு, அதான் தொப்பை" என்று தட்டிக் காட்டினான். பேன்ட்டு இடுப்பில் ஏறாமல் போனதும் வேட்டிக்கு மாறினான். கணுக்காலில் விரலை வைத்து அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. தொப்புள் வெளியே தள்ளி ஒரு கோலிக்குண்டு மாதிரி ஆனது. கம்பெனிப் பொம்பளைகள் அவன் காதுபடவே "போர்மேனுக்கு எத்தனாவது மாசம்?" என்று சிரித்தார்களாம். அதை எனக்கு வந்து சொன்னது அவனேதான், ஏதோ விருது வாங்கிய மாதிரி.

கண்ணும் மஞ்சளான பிறகு அவன் அண்ணன் தலையிட்டார். அவர் பக்கத்துத் தெரு. நிலம் வைத்து மிளகாய் போட்டு, மிளகாய் வாங்கி விற்கிற கிட்டங்கியும் வைத்திருந்தவர். ஊரில் அவர் சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. அவர் தம்பியை வெம்பக்கோட்டைப் பக்கம் மஞ்சக்காமாலைக்கு மருந்து கொடுக்கிற ஒருத்தரிடம் கூட்டிப் போனார். அந்த ஆள் கீழாநெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் கலக்கிக் கொடுத்து, "பதினோரு நாள் உப்பு கூடாது, குடி கூடாது. மீறுனா சாமி குத்தம்" என்றாராம். பதினோரு நாளும் இவன் உப்பும் தொடவில்லை, பிராந்தியும் தொடவில்லை. இருபது வருசம் நான் கெஞ்சிக் கேட்டு நடக்காத காரியத்தை முகம் தெரியாத ஒருத்தர் ஒரு மிரட்டலில் நடத்திவிட்டார். பன்னிரண்டாம் நாள் சாமி குத்தம் முடிந்தது. நேரே கடைக்குப் போனான்.

மதுரைக்கு நான்தான் கூட்டிப் போனேன். அங்கே ஈரல் பார்க்கிற டாக்டர் சின்ன வயசுக்காரர். வயிற்றை ஒரு பக்கம் தட்டி, மறுபக்கம் கை வைத்துப் பார்த்தார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஈரல் சுருங்கி இறுகிப்போச்சும்மா. ரத்தம் அதுக்குள்ள போக வழியில்லாம முட்டி நிக்குது. அந்த அழுத்தத்துல வயித்துக்குள்ள நீர் கசியுது. உடம்பு உப்பைப் பிடிச்சு வைக்குது, உப்பு தண்ணியப் பிடிச்சு வைக்குது. குடிய நிப்பாட்டணும், உப்பைக் குறைக்கணும், நீர் பிரியுறதுக்கு மாத்திரை தர்றேன். தெனமும் காலைல எடை பாருங்க."

இவன் குனிந்து ரகசியம் கேட்கிற மாதிரி கேட்டான்: "சார், எம்புட்டு வரைக்கும் குடிக்கலாம்?"

"ஒரு சொட்டும் கூடாது."

"தெனமும் இல்ல சார். ஞாயித்துக்கிழமை மட்டும்."

டாக்டர் சீட்டு எழுதினார். எனக்கு அங்கேயே எழுந்து போய்விடலாம் போல இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில், "அவரு பிராந்தியத்தான் சொல்றாரு. பீரு வேற கணக்கு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னான்.

அன்றிலிருந்து வீட்டில் ரெண்டு சமையல். அவனுக்கு உப்பில்லாத குழம்பு, உப்பில்லாத சோறு. எலுமிச்சம்பழம் பிழிந்து, மல்லியும் சீரகமும் வறுத்துப் பொடித்துப் போட்டு எப்படியாவது ஒரு ருசியைக் கொண்டுவரப் பாடுபட்டேன். அப்பளம், வத்தல், ஊறுகாய், கருவாடு எல்லாவற்றையும் வீட்டை விட்டே அப்புறப்படுத்தினேன். காலையில் அவன் அண்ணன் கிட்டங்கிக்குக் கூட்டிப் போய், மிளகாய் மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றி எடை பார்ப்பேன். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே நிற்பான். தும்முகிற ஒவ்வொரு தடவையும் வயிறு குலுங்கும். முள் ஆடி ஆடி நிற்க நேரமாகும். நோட்டில் எழுதிக்கொள்வேன்.

எடை இறங்கவே இல்லை. அடுத்த தடவை போனபோது டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அப்படியும் இறங்கவில்லை. மூன்றாம் தடவை அவர் மூத்திரத்தைச் சோதிக்க எழுதிக் கொடுத்தார். ரிசல்ட்டை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூத்திரத்துல உப்பு நல்லாவே வெளிய போகுது. மாத்திரை வேலை செய்யுது. ஆனா எடை குறையலைன்னா, போறதைவிட அதிகமா உள்ள வருதுன்னு அர்த்தம். இவரு எங்கயோ உப்பு சாப்பிடுறாரு."

இவன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. என்னைக் கை காட்டினான்.

"சமையல் இவதான் சார். நான் எத்தனையோ தடவ சொல்லிட்டேன், கை தாராளமா போட்டுருது."

கூட வந்திருந்த அவன் அண்ணன், "ஏம்மா, உசிரு விசயத்துல இப்படியா அலட்சியமா இருப்பாக?" என்றார். டாக்டர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். நானூறு பிள்ளைகளுக்கு அளவு பார்த்து உப்புப் போடுகிறவள் நான்.

வீட்டுக்கு வந்து அவன் சைக்கிளைத் தலைகீழாகப் புரட்டினேன். சீட்டுக்கு அடியில் ஒரு பொட்டலம். மாட்டுக்கொட்டகைக் கூரை எரவாணத்தில் இன்னொன்று. குளிக்கிற இடத்தில் கல்லுக்குப் பின்னால் பாலிதீன் பையில் சுற்றி மூன்றாவது. எல்லாம் சாத்தூர் காராச்சேவு. மூன்றையும் கொண்டுபோய் அவன் அண்ணன் முன்னால் தராசில் வைத்தேன். "என் கை தாராளத்த நிறுத்துப் பாருங்க மச்சான்" என்றேன். அவர் பார்த்தார். பிறகு கிட்டங்கிப் பையனைக் கூப்பிட்டு, காராச்சேவு மிளகாயில் பட்டுவிடாமல் எடுக்கச் சொன்னார். என்னிடம் சொன்னது தப்பு என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை.

அதற்கப்புறம் நானே கூட இருந்து ஊட்டாத குறையாகச் சோறு போட்டேன். எடை கொஞ்சம் இறங்கியது. ரெண்டு மாசம்தான். மறுபடியும் ஏறியது. இந்தத் தடவை அவன் மேல் தப்பு இல்லை. மாத்திரையைக் கூட்டக் கூட்டச் சிறுநீரகம் திணற ஆரம்பித்தது. ரத்தத்தில் உப்பு ரொம்பவும் இறங்கிவிட்டது. காலில் கெண்டை இழுத்து ராவெல்லாம் அலறினான். டாக்டர் மாத்திரையை நிறுத்தினார்.

"இனி மாத்திரைக்கு இது கேக்காதும்மா. குறைச்சாலும் நீர் வடியாது, கூட்டுனா கிட்னி போயிரும். ஊசி போட்டு எடுக்கிறதுதான். நெறைய நெறைய எடுக்கணும்."

"வேற வழி இல்லையா சார்?"

"கழுத்து நரம்பு வழியா ஈரலுக்குள்ள ஒரு சின்னக் குழாய் வச்சு அழுத்தத்தக் குறைக்கலாம். சென்னைப் பக்கம் செய்றாங்க. ஆனா இவருக்குக் காமாலை இம்புட்டு இருக்கறப்ப அத வச்சா மூளை கலங்கிரும். அதில்லாட்டி ஈரலையே மாத்தணும். அதுக்கு ஆறு மாசம் குடிக்காம இருக்கணும், சொந்தத்துல யாராவது பாதி ஈரல் குடுக்கணும்." அப்புறம் ஒன்று சொன்னார். "இப்பவே சொல்லி வைக்கிறேன். பேச்சு குழறுனா, தூக்கம் மாறுனா, பகல்ல தூங்கி ராத்திரி முழிச்சிருந்தா, தாமதிக்காம கூட்டிட்டு வாங்க."

நான் தலையாட்டினேன். அத்தனையையும் எடை நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கூட வைத்தேன்.

ஈரல் கொடுக்கிற செய்தி ஊருக்குள் பரவியது. அவன் அண்ணன் வீட்டுக்கு வந்து, மோர் வாங்கிக் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கட்டுன பொஞ்சாதி நீ இருக்க. பாதியக் குடுத்தா அது மறுபடி வளந்துருமாமே."

"ரத்தம் ஒரே குரூப்பா இருக்கணுமாம் மச்சான். எனக்கு வேற குரூப்பு. உங்களுக்கும் அவருக்கும் ஒரே குரூப்புன்னு முன்னாடி ரத்தம் குடுத்தப்ப சொன்னீகளே."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "எனக்குச் சக்கரை இருக்கும்மா" என்றார். அடுத்த மூன்று வாரம் எங்கள் தெருப்பக்கமே அவரைக் காணோம். கிட்டங்கியில் எடை பார்க்கப் போனால் உள்ளே கணக்கு எழுதுகிற அவசரம் அவருக்கு வந்துவிடும்.

தண்ணீர் எடுப்பதைச் சாத்தூரிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் செய்தார்கள். மதுரை டாக்டர் எழுதிக் கொடுத்த முறைப்படி அங்கிருந்த வயசான டாக்டர் செய்வார். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. இவனைக் கட்டிலில் சற்று இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, அடிவயிற்றில் மரத்துப்போக ஒரு ஊசி, பிறகு தடித்த ஊசி ஒன்று. அதில் ஒரு ரப்பர் குழாய். குழாய் வழியே வெளிர் மஞ்சளாகத் தண்ணீர் வந்து கண்ணாடிப் பாட்டிலில் நுரைத்து விழும். முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு இவன், "அப்படியே பீரு மாதிரி இருக்குல்ல?" என்று நர்சம்மாவிடம் சொல்லிச் சிரித்தான். அந்தப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று நிறைந்தால் அடுத்தது. ஆறு லிட்டர், ஏழு லிட்டர். ரொம்பத் தண்ணீர் எடுத்தால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும் என்று கையில் ஆல்புமின் என்கிற சத்து மருந்துப் பாட்டில் ஒன்று ஏறிக்கொண்டிருக்கும். அது கிடைக்காத நாளில் கொஞ்சமாக எடுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். அந்த நாளில், "முழுசா எடுங்க சார், பணமா குடுக்கல?" என்று அதட்டுவான்.

தண்ணீர் எடுத்த மூன்று நாள் அவன் மாப்பிள்ளை மாதிரி நடப்பான். சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்வான். கம்பெனி வாசல் வரை போய், வேலை பார்க்கிறவர்களிடம் நோயைப் பற்றி விலாவாரியாகச் சொல்வான். எத்தனை லிட்டர் என்பதைக் கூட்டித்தான் சொல்வான். ஏழு எடுத்தால் பத்து. பத்தாம் நாள் மூச்சு முட்டும், படுக்க முடியாது, சாய்ந்து உட்கார்ந்துகொண்டு என்னைத் திட்டுவான். மறுபடி சாத்தூர்.

இதற்கு நடுவில் ஒரு நாள் குடியை விட்டுவிட்டேன் என்றான். நான் நம்பவில்லை. அதற்கு முன் ஒன்பது தடவை விட்டவன். தினமும் சாயங்காலம் பக்கத்தில் போய் வாயை மோந்து பார்ப்பேன். ஒரு வாடை வரத்தான் செய்தது. பழையதாய், இனிப்பாய், அழுகின பழம் மாதிரி. "குடிச்சிருக்கீக" என்பேன். "சத்தியமா இல்ல" என்பான். அவன் சத்தியத்துக்கு நான் வைத்திருந்த விலை எனக்குத் தெரியும்.

அன்றைக்கு முட்டை போடுகிற நாள். மத்தியானம் பிள்ளைகள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆயா சோறு போட்டு வர, நான் பின்னால் முட்டைக் கூடையோடு வந்துகொண்டிருந்தேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் மூன்றாம் வகுப்பு வரிசையின் கடைசியில் அவன் உட்கார்ந்திருந்தான். சட்டையை உட்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தான். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. முன்னால் யாரோ ஒரு பிள்ளையின் தட்டு. என்னைப் பார்த்து வாயைத் திறந்தான். சொல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

"டீச்சர்... முட்டை..."

நான் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனேன். கால் பின்னி விழுந்தான், தூக்கி நிறுத்தினேன். என் வேலைக்கே வந்து, என் பிள்ளைகள் முன்னால். அதுவரை இந்தப் பள்ளிக்கூடத்து வாசலை மட்டும் அவன் மிதித்ததில்லை. அங்கே நான் ஒருத்தியாக இருந்தேன், குடிகாரன் பொஞ்சாதியாக இல்லை.

"குடிச்சிட்டு எங்கன வந்து நிக்கிறீக? வெக்கமா இல்ல?"

"குடிக்கலடி."

கன்னத்தில் ஒரு அறை விட்டேன். வாழ்நாளில் முதல் தடவை. அவன் திருப்பி அடிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாதவன் மாதிரி நின்றான். அரிசி, பருப்பு வைக்கிற அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினேன். போதை தெளியட்டும் என்று திரும்பிப் போய் மிச்ச முட்டையைக் கொடுத்தேன். பாத்திரம் கழுவ வைத்தேன். பதிவேடு எழுதினேன். உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். அந்த ரெண்டு மணி நேரமும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

தலைமையாசிரியைதான் சாவியைக் கேட்டு வாங்கித் திறந்தார். அவன் பருப்பு மூட்டையில் சாய்ந்து கிடந்தான். வேட்டி நனைந்திருந்தது. கூப்பிட்டால் கண் திறந்தது, பார்வை என் மேல் நிற்கவில்லை. உடம்பு கொதித்தது. தலைமையாசிரியை குனிந்து பார்த்தார்.

"இது குடி வாடை இல்ல. எங்க வீட்டுலயும் ஒரு ஆளு குடிக்கும், எனக்குத் தெரியும். வண்டியக் கூப்பிடுங்க."

ரோட்டில் பட்டாசு லோடு இறக்கிவிட்டுக் காலியாக வந்த வேன் ஒன்றை மறித்து, அட்டைப்பெட்டி வைக்கிற இடத்தில் அவனைப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். சாத்தூர் டாக்டர் அவன் ரெண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லித் தூக்கிப் பிடித்தார். விட்டதும் கை மணிக்கட்டோடு படபடவென்று அடித்துக்கொண்டது, பறக்கப் பார்க்கிற கோழி மாதிரி. வயிற்றில் ஊசி போட்டு எடுத்தார். வழக்கமாகத் தெளிவாக வரும் தண்ணீர் அரிசி கழுவினது மாதிரி கலங்கி வந்தது.

"குடிக்கலம்மா இவரு. வயித்துத் தண்ணில கிருமி பூந்துருச்சு. மூணு நாளா வெளிக்கும் போயிருக்க மாட்டாரு. ஈரல் சுத்தம் பண்ண வேண்டிய கழிவெல்லாம் தலைக்கு ஏறியிருக்கு. பேச்சு எப்ப குழற ஆரம்பிச்சது?"

எடை நோட்டு என் பையில்தான் இருந்தது. பின்பக்கத்தில் என் கையெழுத்தும் இருந்தது.

"முந்தாநாள் இருந்து பகல்ல தூங்குனாரு சார்" என்றேன். மத்தியானம் பூட்டி வைத்ததைச் சொல்லவில்லை. கூட வந்த தலைமையாசிரியையும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மதுரைக்கு அனுப்பினார்கள். ஊசி மருந்து ஏறியது. தித்திப்பாக ஒரு சிரப் கொடுத்து, தினம் மூன்று தடவையாவது வயிறு போக வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் நான்தான் துணி மாற்றினேன், துடைத்தேன். அவன் அண்ணன் ஒரு நாள் வந்து வாசல்வரை எட்டிப் பார்த்துவிட்டு, "நாத்தம் தாங்கல" என்று துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு போனார். நாலாம் நாள் காலை அவன் கண் என் மேல் நின்றது.

"ஏ புள்ள, காப்பி கெடைக்குமா?" என்றான்.

நான் அழவில்லை. ஆனால் காப்பி வாங்கப் போகும்போது படி எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியவில்லை. சுவரைப் பிடித்து இறங்கினேன். திரும்பி வந்து, "நான் உங்கள அடிச்சேன். பூட்டியும் வச்சேன். குடிச்சிருக்கீகன்னு நெனச்சேன். தப்புதான்" என்று சொன்னேன்.

அவன் காப்பியை ஊதிக் குடித்தான். அவனுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. நான் சொல்லித்தான் தெரிந்தது. சொல்லியிருக்கக் கூடாது. ஊருக்கு வந்த பத்தாவது நாள் அது ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கன்னத்தைக் காட்டினான். "சாகக் கெடந்தவன அடிச்சு, எலிப்பொந்துல போட்டுப் பூட்டுனா. சாமி பாத்துச்சு, பொழச்சேன்" என்பான். வந்தவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொண்டுவந்த திராட்சையை அவன் கையில் கொடுப்பார்கள். சோறு கொஞ்சம் ஆறியிருந்தால், "பூட்டி வச்சவதானே" என்பான். மகள் போனில், "நெசமாம்மா?" என்று கேட்டாள். "நெசந்தான்" என்றேன். அவள் அடுத்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லவேண்டும். அவன் குடியை விட்டது உண்மை. அந்தப் பத்தாவது தடவை மட்டும் உண்மை. ஏன் விட்டான் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விட்டதை வைத்து அவன் மேல் எனக்கு மரியாதை வந்ததா என்றால், வரவில்லை. ஈரல் கல்லான பிறகு விட்டவனை என்னவென்று மெச்சுவது? மாலையில் நானே பக்கத்தில் போய் மோந்து பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு வருசம் ஓடியது. பதினைந்து நாள் பத்து நாளானது, பத்து ஏழானது. தண்ணீர் எடுக்க எடுக்க உடம்பில் இருந்த சத்தெல்லாம் அதோடு போனது. தொடை என் கை மணிக்கட்டு அளவுக்கு வந்துவிட்டது. சிரப்பை அளந்து கொடுத்தேன், வெளிக்குப் போன கணக்கை நோட்டில் எழுதினேன், கையை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் ஆடினாலும் அன்றைக்கே பஸ் ஏறினேன். இன்னும் ரெண்டு தடவை அப்படிக் கலங்கிப்போய்த் திரும்ப வந்தான். மூன்றாம் தடவை சிறுநீர் நின்றுபோனது. மதுரை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதுக்கு மேல எடுத்தா அதுலயே போயிருவாரு" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு பகல் பதினோரு மணிக்கு, நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்து நிற்கையில் போனான். நாற்பத்தெட்டு வயசு.

பொணத்தை எடுக்கிற அன்று அவன் அண்ணன்தான் எல்லாம் செய்தார். வந்திருந்த ஆம்பளைகளுக்காகக் கொல்லைப்புறத்தில் பிராந்திப் பாட்டில் வாங்கி வைத்திருந்தார். ஈரல் வெந்து செத்தவனின் வீட்டுக் கொல்லையில், அவன் பேரைச் சொல்லிக் குடித்தார்கள். குடித்தவர்களில் ரெண்டு பேருக்குக் காலில் செருப்பு ஏறவில்லை, அவ்வளவு வீக்கம். நான் சொல்லவில்லை. அவர்களாகக் கண்டுபிடிக்கட்டும்.

மூன்று மாசம் கழித்து, சாத்தூர் ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லி ஒரு பொண்ணு என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள், முப்பது வயசுகூட இருக்காது. கையில் மஞ்சப்பை நிறைய ரிப்போர்ட். புருசனுக்கு மாத்திரை கேட்கவில்லையாம், தண்ணீர் எடுக்க ஆரம்பித்திருக்கிறார்களாம். என்னென்ன பார்க்கவேண்டும் என்று கேட்டாள். நான் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அவருக்குச் செய்றப்ப எனக்கு அருவருப்பா வருது. மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல. எல்லாரும் அன்பாப் பாத்துக்கோங்கறாக. வரல."

"வரலைன்னா விடு" என்றேன். "மருந்த மட்டும் நேரத்துக்குக் குடு."

அவள் பையை எடுத்துக்கொண்டாள். ரெண்டு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. சாப்பிட்டாளா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஆயாவிடம் சொல்லி, பிள்ளைகளுக்குப் போட்டது போக மிஞ்சியிருந்த சாம்பார் சோற்றை ஒரு தட்டில் போடச் சொன்னேன். நின்றுகொண்டே அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.